களப்புச் சேற்றில் காசு தேடியவர்

"நாலு மாசம், பிள்ளை. இந்த நிலம் எனக்கு இரும்பைத் தவிர ஒண்டும் தரேல்லை."

புவனேந்திரன் இதைச் சொன்னபோது நிரோசினி வேலிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்து, சப்பாத்தில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. நோர்வேயில் மீன் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் நின்று வேலை செய்து, முதுகு போன பிறகு ஊருக்கு வந்தவர். வரும்போது விலை கூடிய மெற்றல் டிடெக்டர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஊரில் எல்லோரும் அதை மிசின் என்றார்கள்.

அவளுக்கு முப்பத்தேழு. பதினொரு வருடமாக மிதிவெடி அகற்றுகிறாள். காலை ஆறு மணிக்கு முழங்காலில் இருந்தால் பகல் ஒரு மணிக்குத்தான் எழும்புவாள். அவளிடமும் ஒரு மிசின் இருந்தது. பழையது.

வன்னியில் ஒரு களப்புக் கரை அது; கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்குகிற இடம். கடைசிச் சண்டை நடந்த நிலம். களப்பின் கிழக்குப் பக்கத்தில் மிதிவெடி இருந்தது. அதை அவளுடைய ஆட்கள் அங்குலம் அங்குலமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் மிதிவெடி இல்லை. வெடிக்காமல் கிடந்தவற்றை எடுத்துவிட்டு, ஆபத்தில்லை என்று பலகை நட்டிருந்தார்கள். வெடித்துச் சிதறியவை அப்படியே கிடந்தன. செல் துண்டு, சன்னம், முள்ளுக்கம்பி, எரிந்த லொறிகளின் ஆணி. அதற்கு மேல் உப்புத் தண்ணீர் ஏறி இறங்குகிற சேறு.

"என்ன தேடுறியள்?" என்று கேட்டாள்.

"காசு. மூண்டு வெள்ளிக் காசு."

"தோண்டின இரும்பெல்லாம் எங்க?"

அவர் கையை வீசிக் காட்டினார். "எறிஞ்சிட்டன்."

"எங்க?"

"அங்கால."

"அங்கால தேடியாச்சோ?"

"இல்லை. இனித்தான் தேட வேணும்."

அவள் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் பனைகளைத் தாண்டி மறைந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

*

அடுத்த நாள் அவர் அவளுடைய முகாம் வாசலில் நின்றார்.

"எனக்குக் காட்டித் தாங்கோ, பிள்ளை."

"எனக்குக் காசு தேடத் தெரியாது, அண்ணை."

"மிசின் தெரியும்தானே?"

"மிசினைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும். உங்கட மிசினோட புத்தகம் ஒண்டு வந்திருக்குமே?"

"எண்பது பக்கம்."

"வாசிச்சனீங்களோ?"

"நாலு தரம்."

"எங்கட மிசினுக்கும் ஒண்டு இருந்தது. கறையான் திண்டிட்டுது."

அவர் சிரிக்கவில்லை. போகவும் இல்லை.

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். விரல்களெல்லாம் கறள் பிடித்த இரும்பு வெட்டிய கீறல்கள். சில பழுத்திருந்தன.

"முதல்ல கறளுக்கு ஊசி போட்டுக்கொண்டு வாங்கோ," என்றாள். "ஆஸ்பத்திரியில துண்டு எழுதித் தருவினம். அதைக் காட்டினால் வாறன்."

அவர் துண்டைக் கொண்டுவந்து காட்டினார்.

*

மூன்று மணிக்கு அவள் வந்தாள். கையில் நான்கு தடி, கொஞ்சம் சிவப்பு நூல், ஒரு வாளி, ஒரு தேங்காய்ச் சிரட்டை.

தடிகளை நட்டாள். நூலைச் சுற்றிக் கட்டினாள். ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர்.

"இண்டைக்கு இவ்வளவும்தான்."

"இதுக்குள்ள மட்டுமோ? நான் ஒரு நாளைக்கு அரை ஏக்கர் நடக்கிறனான்."

"நடந்து பாத்தாச்சுத்தானே."

அவர் மிசினைப் போட்டார். அது உடனே கத்தியது. நூலுக்குள் எங்கே வைத்தாலும் கத்தியது.

"பாருங்கோ. ஒண்டும் இல்லாத இடத்திலயும் இப்பிடித்தான். உப்புத் தண்ணி."

அவள் மிசினை வாங்கினாள். ஒரே இடத்துக்கு மேலே அதைத் தூக்கினாள், பதித்தாள், தூக்கினாள், பதித்தாள். பொறுமையாக, பத்துப் பதினைந்து தரம். கத்தல் இறங்கி இறங்கி, வண்டு இரைவதுபோல் வந்து நின்றது.

"இது பன்னிரண்டாம் பக்கத்தில கிடக்கு," என்றார் அவர். "நான் ஒவ்வொரு நாளும் காலமை செய்யிறனான்."

"காலமை இருந்த தண்ணியோ இப்ப நிக்குது?"

அவர் மிசினைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

முதல் சத்தம் வந்ததும் அவர் மண்வெட்டியை ஓங்கினார். அவள் கைப்பிடியைப் பிடித்தாள்.

"மேலால குத்தாதேங்கோ. பக்கத்தால வாங்கோ. சின்னக் கரண்டியால."

"இது காசு, பிள்ளை. வெடி இல்லை."

"தோண்ட முதலே தெரிஞ்சால் என்னத்துக்குத் தோண்டுறியள்?"

அவர் முழங்காலில் இருந்தார். குழிக்குள் தண்ணீர் ஊறியது. சிரட்டையால் அள்ளி ஊற்றினார். மறுபடி ஊறியது. கடைசியில் விரலில் தட்டுப்பட்டது ஒரு லொறி ஆணி.

கையை ஓங்கினார். அவள் வாளியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

அன்று நாற்பத்தொரு இரும்பு. வாளியின் அடி மறைந்தது.

நூலைக் கழற்றும்போது அவள் மிசினை அந்தச் சதுரத்தின் மேல் ஒரு தரம் கொண்டுபோனாள். வண்டு மட்டும் இரைந்தது.

"எனக்கு ஒண்டும் கிடைக்கேல்லையே," என்றார்.

"ஓம்," என்று சொல்லிவிட்டு அவள் நூலைச் சுற்றினாள்.

*

அதன் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் வரவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், கிழமைக்கு இரண்டு மூன்று தரம் எட்டிப் பார்ப்பாள். நூல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பாள். வாளியைப் பார்ப்பாள். போய்விடுவாள்.

ஊரார் அவரைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். வெளிநாட்டு ஆள் புதையல் தேடுகிறார் என்றார்கள். முதலில் பொலிஸ் ஒரு தரம் வந்து விசாரித்தது. கச்சேரி என்கிற அரச அலுவலகத்துக்கு நாலு தரம் ஏறி இறங்கி வாங்கிய அனுமதிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதைக் காட்டினார். அவர்களும் சிரித்துக்கொண்டு போனார்கள்.

இரும்புக்குத் தாழ்ந்த சத்தம். உறுமல் போல. காசுக்கு உயர்ந்த சத்தம், மணி போல. அப்படித்தான் புத்தகத்தில் இருந்தது.

அந்த நிலத்தில் வெற்றுக் கோதுகளும் கிடந்தன. துவக்குச் சுட்டுத் துப்பிய பித்தளைக் கோதுகள். அவையும் மணி போலத்தான் ஒலித்தன.

ஒவ்வொரு மணிக்கும் அவருடைய நெஞ்சு எழும்பும். ஒவ்வொரு தரமும் பித்தளைக் கோது வரும். இரும்பு வந்தால் அலுப்புத்தான். கோது வந்தால் அவருக்கு உடம்பே சோர்ந்துவிடும்.

ஒரு பின்னேரம் அவள் வந்தபோது அவர் சேற்றிலேயே மல்லாந்து கிடந்தார்.

"எந்தச் சத்தம் காசு எண்டு ஒருக்கால் சொல்லித் தாங்கோ, பிள்ளை. மற்றதையெல்லாம் விட்டிட்டு அதை மட்டும் தோண்டுறன்."

"எனக்குத் தெரியாது."

"பதினொரு வருசமா இந்தச் சத்தத்தைத்தானே கேக்கிறியள்?"

"ஓம். ஒரு சத்தமும் நல்லது எண்டு நினைச்சு நான் தோண்டினதில்லை. ஒண்டும் கெட்டதெண்டும் இல்லை. சத்தம் கேட்டால் தோண்டுவன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"உங்களுக்குக் களைக்கிறேல்லையோ?"

அவள் காற்சட்டையின் ஒரு காலை முழங்காலுக்கு மேல் சுருட்டினாள். முழங்கால் மூட்டு வீங்கி, தோல் தடித்து, ஆனையின் கால் தோல்போலக் கறுத்துக் கிடந்தது.

பிறகு மற்றக் காலையும் சுருட்டிக் காட்டினாள்.

அவர் எழும்பி இருந்து, சிரட்டையைத் தேடினார்.

*

ஒரு கிழமை அவள் வரவில்லை. முகாமில் புதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி.

திரும்பி வந்தபோது சிவப்பு நூல் வெகு தூரத்தில் தெரிந்தது. முன்பு நின்ற இடத்திலிருந்து அறுபது எழுபது மீற்றர் தள்ளி. புவனேந்திரன் நடந்துகொண்டே மிசினை வீசினார். அவர் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு அமைதி.

வாளியில் ஒன்றுமில்லை.

"கெதியாப் போறியள்," என்றாள்.

"ஓம். மிசினில ஒரு சுவிச் இருக்கு. அதைப் போட்டால் இரும்புக்குக் கத்தாது. மற்றதுக்கு மட்டும் கத்தும். நாலு நாளா எவ்வளவு நிம்மதி தெரியுமோ? சத்தமே இல்லை."

"நாலு நாளா ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

"இல்லை. அப்ப இந்தப் பக்கம் ஒண்டும் இல்லை எண்டுதானே அர்த்தம். தள்ளிப் போறன்."

அவள் தன் சட்டைப்பையில் கைவிட்டாள். ஒரு பத்து ரூபாய்க் குற்றி இருந்தது. அதைச் சேற்றில் வைத்தாள்.

"பாருங்கோ."

அவர் மிசினை அதன் மேல் கொண்டுபோனார். மணி ஒலித்தது.

அவள் வேலியோரம் போய்க் கறள் பிடித்த மூன்று ஆணி பொறுக்கி வந்தாள். காசுக்கு மேலே அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தாள். கையளவு சேற்றால் மூடினாள்.

"பாருங்கோ."

அவர் மிசினைக் கொண்டுபோனார். சத்தமில்லை.

இன்னொரு தரம் கொண்டுபோனார். பிறகு ஆறுதலாக, பிறகு இன்னும் பதித்து. பக்கவாட்டில் நின்று பார்த்தார். மிசின் வாய் திறக்கவில்லை.

காசு அங்கே இருக்கிறது. அவர் கண்ணால் பார்க்க, அவள் கையால் வைத்தது.

"இரும்பு கத்த வேண்டாம் எண்டியள்," என்றாள் அவள். "காசும் பேசாமல் கிடக்குது."

அவர் திரும்பி, தான் நாலு நாளாக நடந்து வந்த அறுபது எழுபது மீற்றரைப் பார்த்தார். பிறகு மிசினைக் கீழே வைத்தார்.

"மூண்டு காசுக்கு ஏன் அண்ணை இவ்வளவு கரைச்சல்?" என்று அவள் கேட்டாள். இத்தனை நாளில் அவள் காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் களப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எலும்புக்கு மிசின் கத்தாது, பிள்ளை."

அவள் அவருக்குப் பக்கத்தில் குந்தினாள்.

"எங்கட அப்பா. கடைசி நேரம் இந்தக் கரையிலதான் இருந்தவர். செல் பட்டது. பக்கத்துப் பங்கரில இருந்த மரியநேசன் எண்ட ஆள்தான் தாட்டவர். கையாலயும் கோப்பையாலயும் குழி கிண்டித் தாட்டதாம். ஆழம் இல்லை. அப்பா இடுப்பில ஒரு சீலைத்துண்டில மூண்டு வெள்ளிக் காசு முடிஞ்சு வைச்சிருப்பர். அவரின்ர அம்மா குடுத்தது. அதை எடுக்க மரியநேசனுக்கு மனம் வரேல்லையாம். அப்பிடியே வைச்சு மூடினதாம்."

"அந்த ஆளைக் கூட்டி வரேல்லையோ?"

"போன வருசம் கூட்டி வந்தன். றோட்டு மட்டும் வந்தவர். அப்ப நிண்ட பனையெல்லாம் அழிஞ்சு போட்டுது, எனக்கு இடம் தெரியேல்லை எண்டு சொல்லி அழுதார். பேந்து வர மாட்டன் எண்டிட்டார்."

கொக்கு ஒன்று களப்பில் இறங்கி நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்பாவைத் தேடுறன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை," என்றார். "நான் அந்த நேரம் நோர்வேயில மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். காசு தேடுறன் எண்டு சொல்ல லேசா இருந்தது."

நிரோசினி எழுந்தாள். தூரத்தில் நின்ற நான்கு தடியையும் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பழைய இடத்துக்கே போனாள். அங்கே நட்டாள். நூலைக் கட்டினாள்.

இந்தத் தரம் அரை மீற்றருக்கு அரை மீற்றர்.

தன் பையிலிருந்து வர்ணம் பூசுகிற தூரிகை ஒன்றை எடுத்துச் சதுரத்தின் ஓரத்தில் வைத்தாள். கரண்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள்.

"சின்னக் கரண்டியும் இனி வேண்டாமோ?" என்று கேட்டார்.

"எலும்பு எண்டியளே," என்றாள்.

*

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது.

அவர் அரை மீற்றர் அரை மீற்றராக நகர்ந்தார். ஒரு நாளைக்கு ஒன்று முடிந்தால் பெரிது. வாளிகள் வேலியோரம் வரிசையாக நின்றன. மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாரி தொடங்கினால் அந்தக் கரை முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும்.

ஒரு நாள் தோண்டிக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்கும் ஆரும் இஞ்ச..."

"அந்தக் கேள்வியை இந்த ஊரில ஆரும் கேக்கிறேல்லை, அண்ணை."

அவர் பிறகு கேட்கவில்லை.

அவருடைய மகள் ஒஸ்லோவிலிருந்து தொலைபேசி எடுத்தாள். "அப்பா, இன்னும் எத்தினை நாள்? முதுகுக்கு வைத்தியம் செய்ய வேணும். நாள் தந்திட்டினம்."

அவர் முதுகைப் பற்றி மறந்திருந்தார். கேட்டதும் வலித்தது.

அன்றைக்கே பயணச் சீட்டுப் போட்டார்.

*

வெளிக்கிடுகிற நாள் மத்தியானம் வாடகை வான் வண்டியை றோட்டில் நிற்பாட்டிவிட்டு அவர் களப்புக்கு நடந்து வந்தார். புதுச் சட்டை, கழுவிய சப்பாத்து. மிசினை அதனுடைய பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

நிரோசினி வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ," என்று பெட்டியை நீட்டினார்.

"என்னட்டை ஒண்டு இருக்கு."

"இது புதுசு."

"புதுசும் இதே சேத்திலதானே கத்தப்போகுது."

அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"நான் தோத்துப் போனன், பிள்ளை. ஏழு மாசம். என்னால இனி ஏலாது. களைச்சுப் போனன். அப்பா எங்க கிடந்தாலும் கிடக்கட்டும்."

அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அவரைத் தாண்டிச் சிவப்பு நூலைப் பார்த்தாள்.

"அது நேத்தையான் சதுரமோ?"

"ஓம்."

"முடிஞ்சுதோ?"

"பாதி."

"எந்தப் பாதி?"

அவர் திரும்பிச் சதுரத்தைப் பார்த்தார்.

"நீங்கள் போன பிறகு வாற ஆளுக்கு அது தெரியாது," என்றாள் அவள். "முடிச்சுப்போட்டு நூலைக் கழட்டிக்கொண்டு போங்கோ."

றோட்டில் வான்காரர் ஒரு தரம் கோர்ன் அடித்தார்.

புவனேந்திரன் சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையைச் சுருட்டினார். பெட்டியைத் திறந்தார்.

மிசினை ஒரே இடத்தில் தூக்கிப் பதித்து, தூக்கிப் பதித்து, நிலத்தின் கத்தல் அடங்கும்வரை காத்திருந்தார். முழங்காலில் இருந்தார்.

உறுமல். செல் துண்டு. வாளி.

உறுமல். கம்பி. வாளி.

உறுமல். கைவிரல் அளவு தகரம். வாளி.

அதை எடுத்த இடத்தில் மறுபடி மிசினை வைத்தார். தகரம் போன இடத்திலிருந்து மணி ஒலித்தது.

அவருடைய நெஞ்சு எழும்பவில்லை. அவர் இரும்புக்குத் தோண்டியது மாதிரியே தோண்டினார். பக்கத்தால். விரலால். தூரிகையால். தண்ணீர் ஊற, சிரட்டையால் அள்ளி.

பச்சை பிடித்த காசு ஒன்று தெரிந்தது. அதோடு ஒட்டி இன்னொன்று. நைந்த பிளாஸ்டிக் பை.

"பிள்ளை," என்றார்.

அவள் வந்து பக்கத்தில் முழங்காலில் இருந்தாள்.

அவர் தூரிகையால் இன்னும் கொஞ்சம் விலக்கினார். காசு நாலு. ஐந்து ரூபாய்க் குற்றிகள். எந்தக் கடையிலும் மிச்சமாகத் தருகிற சாதாரணக் காசு. அவற்றின் நடுவே சின்னத் திறப்பு ஒன்று. சைக்கிள் பூட்டின் திறப்பு.

சாரத்துணியின் ஓரம் ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே மண்ணிறமாக, வளைவாக, ஒரு எலும்பு.

நிரோசினி கையை உயர்த்தினாள். அவர் தூரிகையை நிறுத்தினார்.



"வெள்ளி இல்லை," என்றார் அவர்.

"இல்லை."

"அப்பா இல்லை."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது," என்றார்.

அவருக்கு அழுகை வரவில்லை. எழும்பவும் வரவில்லை. அந்தத் திறப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு சைக்கிளை நிறுத்தி, பூட்டி, திறப்பை எடுத்துக் காசோடு பையில் போட்டு, சாரத்தில் செருகிக்கொண்டு வந்திருக்கிறார். திரும்பிப் போய் எடுக்கலாம் என்று.

நிரோசினி கொஞ்சம் தள்ளி நின்று தொலைபேசியில் பேசினாள். பொலிசுக்குச் சொன்னாள். கிராம சேவகருக்குச் சொன்னாள். திரும்பி வந்தாள்.

"வருவினம். கொஞ்சம் செல்லும். நீங்கள் போறதெண்டால் போங்கோ, அண்ணை. நான் நிப்பன். உங்கட பிளேன்."

வான் மறுபடி கோர்ன் அடித்தது.

அவர் எழுந்து றோட்டுக்குப் போனார். அவள் பார்க்கவில்லை. குழிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வான் வெளிக்கிடும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் தேய்ந்து போனது.

அவர் திரும்பி வந்தார். கையில் வானிலிருந்து எடுத்த குடை இருந்தது. முழங்காலில் இருந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது. குடையை விரித்துக் குழிக்கு மேலே சேற்றில் ஊன்றினார். சிரட்டையை எடுத்தார்.

ஊறிய தண்ணீரை அள்ளி ஊற்றினார். எலும்பு தெரிந்தது. தண்ணீர் ஊறியது. அள்ளி ஊற்றினார்.

முதுகு வெட்டி வெட்டி வலித்தது. அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தண்ணீர் மூடிவிடும்.

"என்னட்டைத் தாங்கோ," என்று நிரோசினி கை நீட்டினாள்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் மற்றப் பக்கத்தில் போய், வீங்கிய முழங்காலை மடித்து இருந்தாள். தன் இரண்டு கைகளையும் கோலி அவளும் அள்ளினாள்.

ஒன்றரை மணித்தியாலம்.

அவர்கள் வந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர், கிராம சேவகர், கொப்பியும் பேனையுமாக ஒரு அதிகாரி. அதிகாரி நனைந்துகொண்டே வந்து குழியை எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்தப் போய், மணம் ஒன்றும் இல்லை என்று கண்டு கையை எடுத்தார். கொப்பியைத் திறந்தார்.

"கண்டது ஆர்?"

"நான்," என்றார் புவனேந்திரன். கை அள்ளிக்கொண்டே இருந்தது.

"இது ஆர் எண்டு தெரியுமோ? பேர்?"

"தெரியாது."

"ஊர்?"

"தெரியாது."

"ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"தெரியேல்லை."

அதிகாரி அலுப்போடு பேனையை நிறுத்தினார். சேற்றில் நனைந்த புதுச் சட்டையையும் குடையையும் பார்த்தார்.

"ஒண்டும் தெரியாது. பிறகு உங்களுக்கு என்ன முறை எண்டு நான் இதில எழுதிறது?"

புவனேந்திரன் சிரட்டைத் தண்ணீரை வெளியே ஊற்றினார்.

"எங்கட ஆள்," என்றார்.